‘சீனி வருத்தம்’ என்று சொல்லி வைத்த வீடு: எச்.ஐ.வியோடு வாழும் ஒருவரின் நிறைக்குறைவு பற்றி வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பெரும்போக அறுவடை முடிந்து, வயல்களில் மாடுகள் இறங்கியிருந்த நேரம். எங்கள் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்.ஐ.வி மருந்து எடுக்க வருகிற தங்கச்சி ஒருவர் தராசில் ஏறினார். முள் 39இல் நின்றது. தராசு பிழையோ என்று நானும் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். பிழை இல்லை. அட்டையைப் புரட்டினால், 14 மாதங்களுக்கு முன் 46 கிலோ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. நடுவில் இரண்டு தடவை நிறை பார்க்காமலே மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

“அறுவடை வேலை மிஸ், அதான்” என்றார் அவர்.

வயது 37. உயரம் 152 சென்டிமீற்றர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் வீட்டோடு இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரும் கிளினிக்கும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொற்று எப்படி வந்தது என்பதை எழுதவில்லை. நிறை ஏன் குறைந்தது என்று தேடுவதற்கு அது தேவையும் இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே இவர்களை நாங்கள் நோகடித்தது போதும்.

39 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டி 16.9. 18.5க்குக் கீழே போனாலே நிறைக்குறைவு, 17க்குக் கீழே போனால் அது சாதாரணக் குறைவு இல்லை. 46இலிருந்து 39 என்பது உடம்பில் 15 சதவீதம். வேறு காரணம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் நிறை குறைந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் எச்.ஐ.வி மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டதற்கான அறிகுறி. ஆகவே “அறுவடை வேலை” என்ற பதிலோடு அவரை அனுப்பிவிட முடியாது.

முதலில் தேடியவை

எச்.ஐ.வி உள்ள ஒருவர் மெலிந்து வந்தால் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். இருமல், காய்ச்சல், இரவில் வியர்ப்பது, நிறை குறைவது என்ற நான்கில் ஒன்று இருந்தாலே சோதிக்க வேண்டும் என்பது விதி. நெஞ்சுப் படமும் சளிச் சோதனையும் செய்தோம், காசநோய் இல்லை. வாயில் வெண்படை இல்லை, விழுங்க நோவும் இல்லை. ஆனால் கீழ் வலப்பக்கக் கடைவாய்ப் பல் சூத்தை. ஒரு பக்கத்தால்தான் சப்புகிறார், கச்சானும் ஒடியலும் வாயில் வைத்து மாதக்கணக்கு. வயிற்றோட்டம் இல்லை. குருதியில் சீனி சரி. தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் 9.2, அது குறைவு. வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர் என்பதால் கொக்கிப் புழுவை நினைத்துப் பூச்சிக் குளிகை கொடுத்தோம்.

என்னை யோசிக்க வைத்தது வைரஸ் சுமைதான், அதாவது குருதியில் எவ்வளவு எச்.ஐ.வி கிருமி இருக்கிறது என்ற அளவு. அதற்கு முந்தைய வருடம் கருவியால் அளவிட முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இப்போது 1,800. எச்.ஐ.வி தாக்கி அழிக்கிற நோயெதிர்ப்புக் கலங்களான சீடி4 கலங்கள் 480இலிருந்து 360க்கு வந்திருந்தன. வைரஸ் சுமை 1,000ஐத் தாண்டினால் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்து, சரிசெய்து, மூன்று மாதத்தில் திரும்பவும் அளக்க வேண்டும்.

“குளிகை ஒரு நாளும் விட்டதில்லை மிஸ்” என்று அடித்துச் சொன்னார். நான் நம்பினேன். நம்பியது சரி என்று பிறகு தெரிந்தது.

இலங்கையில் எச்.ஐ.வி மருந்து 2004 முதல் இலவசம். இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு குளிகை, அதற்குள் டெனொபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை நாடு இல்லாமல் செய்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. மருந்துப் பக்கத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஆனால் அந்தக் குளிகையை விழுங்குகிற வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க எங்கள் அட்டையில் ஒரு கட்டமும் இல்லை.

சாப்பாட்டுக் கதை

அன்று வேறு ஆட்கள் குறைவு. கதவைச் சாத்திவிட்டு, முதல் நாள் விடியத்திலிருந்து படுக்கும் வரைக்கும் வாயில் வைத்ததெல்லாம் சொல்லுங்கோ தங்கச்சி என்றேன்.

“விடிய நாலரைக்கு எழும்பினன். பிளேன்ரீ குடிச்சன். சீனி இல்லாமல்.”

வன்னியில் வெறுந்தேநீரைச் சீனியோ, பனங்கட்டிக் கடியோ இல்லாமல் குடிக்கிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை. அதுவும் வயல் வேலைக்குப் போகிற ஆள். ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வீட்டில எனக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன் மிஸ். இல்லாட்டி மாதா மாதம் கிளினிக்குக்கு என்னத்துக்குப் போறாய் எண்டு கேப்பினம்.”

மருந்து தொடங்கிய காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தவர். அப்போது சொன்ன பொய் அது. யாரையும் ஏமாற்றச் சொன்னது இல்லை, பிள்ளைகளோடு ஒரு கூரைக்குக் கீழ் இருக்க வேண்டுமே என்று சொன்னது. முதலில் வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு, 2022 முடிவில், அண்ணியின் தாய்க்குச் சலரோகத்தில், அதே சீனி வருத்தத்தில், காலை வெட்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து அண்ணி மாறிவிட்டார். நாத்தனாரை அப்படி விட்டுவிடக் கூடாது என்று அவர் எடுத்துக்கொண்ட முடிவுதான் 14 மாதங்களில் ஏழு கிலோவைத் தின்றது.

மத்தியானம் அவருக்குச் சிரட்டை அகப்பையால் ஒரே ஒரு அகப்பைச் சோறு, மேல் வைப்பதில்லை. மற்றவர்களுக்குத் தேங்காய்ப்பால் சொதி, அவருக்கு இரசம். இரவு எல்லோருக்கும் அரிசிமாப் புட்டு, அவருக்குக் கொஞ்சம் குரக்கன் புட்டு, பனங்கட்டி இல்லை, தேங்காய்ப்பூவும் பெயருக்குத்தான். மாம்பழம் கூடாது, பாலப்பழம் கூடாது, பனங்காய்ப் பணியாரம் கூடவே கூடாது. பின்னேரம் பசித்தால் திரும்பவும் வெறுந்தேநீர். பிள்ளைகள் தங்கள் பங்கில் களவாக ஏதும் நீட்டினால் அண்ணி கண்டுபிடித்து ஏசுவாராம். சொல்லும்போது அவர் கண்ணில் அண்ணி மேல் கோபம் இருக்கவில்லை. “அண்ணி நல்லவ மிஸ். என்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரித்தான் பாக்கிறா” என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதிக் கணக்குப் பார்த்தேன். 1,300 கிலோகலோரி தேறுவதே பாடு. புல்லுப் பிடுங்கவும் கதிர் பொறுக்கவும் போகிற, அந்த உயரமுள்ள பெண்ணுக்கு 2,000 வரைக்கும் வேண்டும். எச்.ஐ.வி இருந்தால் அதுவும் போதாது. கிருமியோடு எந்நேரமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற உடம்பு, படுத்திருந்தாலும் கூடச் செலவழிக்கும். தொற்று வந்த ஆரம்பக் கிழமைகளிலேயே குடலின் உட்சுவரில் உள்ள பாதுகாப்புக் கலங்கள் பெருமளவு அழிவதால், தின்பதில் ஒரு பங்கு ஒட்டாமலே போவதும் உண்டு. வேறு அறிகுறி இல்லாதவருக்கு 10 சதவீதம் கூடுதலாகவும், நோய் அறிகுறி உள்ளவருக்கு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகவும் சக்தி வேண்டும் என்று 2003இலேயே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்படிப் பார்த்தால் இவருக்கு 2,400க்கு மேல் வேண்டும். கிடைத்தது பாதிக்குச் சற்றே மேல்.

தனித் தட்டு

கணக்கு இதோடு முடியவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசியாக, தனக்கென்று வைத்திருக்கிற விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டில்தான் அவர் சாப்பிடுகிறார். வீட்டுப் பெண்கள் கடைசியில் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் புதினம் இல்லை. ஆனால் அண்ணிக்கு மீன் துண்டு எடுத்து வைக்க ஆள் உண்டு, இவருக்குச் சட்டியில் குழம்பும் முள்ளும்தான் மிச்சம்.

தட்டைத் தனியாக வைத்தது அவரேதான்.

“பிள்ளையளுக்கு வந்திடுமோ எண்டு பயம் மிஸ். ஒரே தட்டில குழைச்சு ஊட்டினது சின்னவனுக்கு ரெண்டு வயசில. பிறகு ஊட்டேல்ல.”

சின்னவனுக்கு இப்போது 11 வயது. இரண்டு பிள்ளைகளுக்கும் சோதித்தாயிற்று, தொற்று இல்லை. எச்சிலால், தட்டால், சமைத்துப் போடுவதால், கடித்த மாங்காயைக் கொடுப்பதால் இது தொற்றவே தொற்றாது. மருந்து எடுத்து வைரஸ் சுமை அளவிட முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவால்கூடத் தொற்றுவதில்லை. இதையெல்லாம் மருந்து தொடங்கும் அன்றே நாங்கள் சொல்லியிருக்கிறோம். சொன்னதாக அட்டையிலும் எழுதியிருக்கிறது. அன்று நோயின் பெயரைக் கேட்டுத் திகைத்துப் போய் இருந்தவரின் காதில் அதில் எவ்வளவு விழுந்திருக்கும்? ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தது எங்கள் பிழை. ஒன்பது வருடமாக ஒரு தாய் பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டாமல் இருந்திருக்கிறார்.

முடிச்சு

குளிகையை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டைக்குள் இருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தார். எச்.ஐ.வி குளிகைகளும், சிவந்த இரும்புச்சத்துக் குளிகைகளும் ஒன்றாகக் கிடந்தன. போத்தல் எங்கே என்றால், கிணற்றடியில் புதைத்துவிட்டாராம். கையில் எடுத்தால் கிலுங்கும், அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முடிச்சு அரிசி வாளிக்குள் இருக்கும். விடிய நாலரைக்கு எல்லோரும் நித்திரையாக இருக்க, அதிலிருந்து ஒரு குளிகை, இதிலிருந்து ஒரு குளிகை. இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, வெறும் வயிற்றில், சுடச்சுட வெறுந்தேநீரோடு விழுங்குவார்.

வைரஸ் சுமை ஏன் கூடியது என்பதற்கு விடை அந்தக் கைக்குட்டையில் இருந்தது. டொலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இரும்புச்சத்தோடு சேர்த்து எடுத்தால் இரண்டும் குடலில் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். மருந்து குருதிக்குப் போவது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கல்சியக் குளிகையும் இதே வேலையைத்தான் செய்யும். அந்த இரும்புச்சத்தாவது ஒட்டுகிறதா என்றால், தேயிலைச் சாயம் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, ஒரு நாளும் தவறாமல் மருந்து எடுத்த மனுசிக்கு மருந்தும் அரைகுறை, இரும்பும் அரைகுறை. அடுப்பின் நெருப்பு வெளிச்சத்தில் யாரும் காணாமல் விழுங்கிய அந்த ஒரு மிடறில் இரண்டும் கெட்டிருக்கின்றன. இரும்புச்சத்தைக் கொடுத்ததும் நாங்கள்தான். எந்த நேரம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோமே தவிர, அந்த நேரத்தில் எடுக்க அவருக்கு வீட்டில் முடியுமா என்று கேட்கவில்லை.

சீனி வருத்தம் என்ற பொய், தனித் தட்டு, விடியற்காலைக் குளிகை மூன்றும் எனக்கு அன்று ஒன்றாகவே தெரிந்தன. அந்த வீட்டில் அரிசிக்குப் பெரிய பஞ்சம் இல்லை. மருந்திலும் குறை இல்லை. நோயை ஒளிக்க வேண்டியிருந்ததற்கு அவர் தன் சாப்பாட்டால் விலை கொடுத்திருக்கிறார்.

வறுமை இல்லை என்று சொல்லவில்லை. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது அண்ணனின் வயல் பாதிதான் விளைந்தது. 2022 செப்ரெம்பரில் நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டிய நேரத்தில், இவர் வளர்த்த கோழிகளும் ஒரு மறி ஆடும் விலைப்பட்டுப் போயின. முட்டை அன்றோடு நின்றது. போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து முகாமில் இருந்து, திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்த கோழிகள் அவை. கிளினிக் நாள் இன்னொரு நட்டம். பக்கத்துக் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்கும் என்று, ஏ9 பாதையில் அதைக் கடந்து எங்களிடம் வருகிறார். விடிய ஐந்து மணி பஸ். சத்தி வரும் என்ற பயத்தில் சாப்பிடாமல் ஏறி, பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான் அடுத்த வாய். அன்றைய கூலியும் இல்லை.

ஒரு தாளில் எழுதியது

வீட்டில் உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா, எப்போது, யாரிடம் என்பதெல்லாம் அவருடைய முடிவு. வேலை தெரியாத காலத்தில் ஒருவரை அவசரப்படுத்திச் சொல்ல வைத்து, அவர் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்ததைக் கண்டிருக்கிறேன். அதற்காக, ‘சீனி வருத்தம்’ என்ற பொய்யை நானும் சேர்ந்து வளர்க்க முடியாது. அவரும் நானும் மருத்துவரும் இருந்து யோசித்தோம். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில், கிளினிக் முத்திரை இல்லாமல், உண்மையை மட்டும் எழுதினோம். இவருக்கு நிறை மிகவும் குறைவு. குருதி குறைவு. குருதியில் சீனி சோதித்தோம், சரியாக இருக்கிறது. மூன்று வேளை வயிறாரச் சாப்பிட வேண்டும், நாளுக்கு ஒரு முட்டை வேண்டும். இவ்வளவுதான், நோயின் பெயர் இல்லை.

என்னென்ன சாப்பிடுவது என்பதை அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதினோம். கடைத் தகரப் பேணியில் வருகிற சத்துமா எதையும் எழுதவில்லை, அதை வாங்குகிற காசுக்கு ஒரு மாதத்து முட்டை வரும். முல்லைத்தீவுப் பக்கம் கச்சானுக்குப் பேர் போனது. ஒரு கைப்பிடி, 30 கிராம், 170 கிலோகலோரியும் 7 கிராம் புரதமும் தரும். பல் சரியாகும் வரைக்கும் வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு உருண்டை பிடிக்கலாம். குரக்கனை நிறுத்தச் சொல்லவில்லை, கல்சியத்துக்கு அதைப் போல ஒரு தானியம் இல்லை. ஆனால் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர வேண்டும், அளவும் இரட்டிக்க வேண்டும். வேலிக்கரை முருங்கை இலையும் பயறும் சேர்த்து ஒரு சுண்டல். நெத்தலிக் கருவாடு. கிழமையில் இரண்டு நாள் உழுத்தங்கஞ்சி.

குளிகை நேரத்தை மாற்றுவதற்குத்தான் கூட நேரம் போனது. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும், குசினிப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவரே சொன்னார். சரி, சாப்பிட்ட கையோடு அந்த நேரத்தில் எச்.ஐ.வி குளிகை. இரும்புச்சத்து பத்து மணிக்கு வயலில், கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டோடு, தேசிக்காய்த் தண்ணீரில். அதை எல்லோரும் காண எடுக்கலாம், குருதி குறைவென்று தாளிலேயே இருக்கிறதே. தேநீர் அதற்கு ஒரு மணித்தியாலம் பிந்தி. குளிகைப் போத்தலுக்குள் பஞ்சை நெருக்கி அடைத்துக் கொடுத்தோம். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். கிலுங்கவில்லை. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பல்லைப் பிடுங்க நாள் எடுத்துக் கொடுத்தோம்.

எல்லோருக்கும் இதே தாளைக் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே கிழமையில் வந்த ஓட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவருக்கு இரண்டு வருடத்தில் 11 கிலோ கூடியிருந்தது, சீனியும் எல்லையில் நின்றது. டொலுடெக்ராவிர் எடுப்பவர்களில் பலருக்கு நிறை கூடுவதை 2019இல் தென்னாபிரிக்காவில் வந்த ஆய்வும் காட்டியது. ஊரில் என்னவோ, எச்.ஐ.வி என்றால் எலும்பும் தோலும் என்ற படம் இன்னும் போகவில்லை. அதனால் தொப்பை போட்டால் ‘தேறிவிட்டேன்’ என்று சந்தோசப்பட்டு அந்தத் தம்பி பாணும் சோடாவுமாகத் தின்றிருக்கிறார். அவருக்கு வேறு தாள்.

பிறகு

ஒரு மாதத்தில் 40. எனக்குப் போதவில்லை. அண்ணி தாளை வாசித்துவிட்டு, “சீனி ஏறாதோ?” என்று இரண்டு கிழமை தயங்கியிருக்கிறார். பிறகு கிராமத்து மருத்துவ மாதுவிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டி, சரிதான் என்று கேட்டு வந்த பிறகு, முன்னம் எவ்வளவு கண்டிப்பாகக் குறைத்தாரோ அவ்வளவு கண்டிப்பாகத் தின்ன வைக்கத் தொடங்கினாராம். பக்கத்து வீட்டில் இரண்டு கோழிக் குஞ்சு வாங்கி விட்டதும் அவர்தான்.

மூன்று மாதத்தில் 41.6. வைரஸ் சுமை திரும்பவும் அளவிட முடியாத நிலைக்கு இறங்கியது, மருந்தை மாற்றத் தேவை வரவில்லை. ஏழாம் மாதத்தில் 43.8, சுட்டி 19ஐத் தொடுகிறது. ஹீமோகுளோபின் 11.1. பழைய 46 இன்னும் வரவில்லை, சிறுபோகத்தில் வேலை கூடிய மாதத்தில் அரைக் கிலோ இறங்கித்தான் ஏறியது. நிறை பார்க்காமல் ஒருவரையும் மருந்தறைக்கு அனுப்புவதில்லை என்று எங்கள் பக்கத்திலும் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது.

உண்மை இன்னும் வீட்டில் தெரியாது. தட்டும் தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் போன தடவை வந்தபோது, மகனுக்குக் காய்ச்சல் வந்த அன்று சோற்றைக் குழைத்து ஊட்டினேன் என்றார். எந்தத் தட்டில் என்று நான் கேட்கவில்லை. அடுத்த திகதி மார்கழியில். மழை இறங்கினால் அவர் வருகிற வழியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் என்பதால், மூன்று மாதக் குளிகையோடு இன்னும் இரண்டு கிழமைக்கும் சேர்த்து எண்ணிப் போட்டு, பஞ்சை அடைத்துக் கொடுத்துவிட்டோம்.